ரங்கசாமி எங்களுக்குக் கொடுத்த அவகாசம்

போன வாரம் நித்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு சிறை அலுவலகத்தில் என் சீட்டுக்கு வந்திருக்கும் பெண். எடுத்த எடுப்பில், "மேடம், கோர்ட்டுல டைம் கேக்கறதுக்கு உங்க மாடல் லெட்டர் ஒண்ணு அனுப்புங்க" என்றாள். "இப்பெல்லாம் கம்ப்யூட்டரே நாளை எண்ணிப்போடுதுங்க. முப்பது நாள் தாண்டுச்சுன்னா கேஸ் நம்பர் செவப்பாயிருது. காலையில வந்து ஸ்கிரீனைத் தொறந்தா பூராஞ் செவப்புங்க மேடம். உங்க காலத்துல ஒரு கேஸ்லகூட கோர்ட்டுல டைம் இல்லைன்னு சொன்னதே இல்லையாமா, எல்லாரும் சொல்றாங்க."

எல்லாரும் சொல்வது சரிதான். என் உத்தியோகத்தில் நான் பெயர் வாங்கியது அந்த ஒன்றுக்குத்தான். பணி நிறைவு விழாவில் எனக்கு ஒரு பெரிய சுவர்க்கடிகாரம் பரிசு கொடுத்தார்கள். கிண்டலுக்குக் கொடுக்கவில்லை, அன்பாகத்தான் கொடுத்தார்கள். அது இப்போது ஹாலில் பத்து நிமிஷம் தாமதமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

"ரெண்டு நாள் டைம் குடு கண்ணு, தேடிப் பாக்கறேன்" என்று போனை வைத்தேன். பழக்கம் விடவில்லை. ஆனால் தேட உட்கார்ந்ததும் வேறு ஒரு வழக்குதான் ஞாபகத்துக்கு வந்தது. நித்யாவுக்கு மாடல் லெட்டர் போவதற்கு முன்னால் இது போகட்டும் என்று எழுதுகிறேன்.

எந்தச் சிறை, எந்தக் கோர்ட்டு என்று எழுதப்போவதில்லை. கோவைப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பென்ஷன் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

தேர்வு எழுதி வேலை கிடைத்தபோது நாங்கள் சூலூரில் இருந்தோம். முதல் நாள் அப்பா துணைக்கு வந்தார். பெரிய கதவுக்கு வெளியே நின்று என்னை உள்ளே அனுப்பிவிட்டு, ஊருக்குத் திரும்பி ஒரு மாதம் பார்த்தவர்களிடமெல்லாம் "புள்ளைய ஜெயில்ல உட்டுட்டு வந்தேன்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தபால் சீட்டில் சில வருஷம், சம்பளப் பட்டியலில் சில வருஷம், ஸ்டோரில் அரிசி மூட்டை எண்ணிக்கொண்டு சில வருஷம் போயின. பிறகு கேஸ் சீட்டுக்கு வந்தேன். அதற்கு ஆள் தேடியபோது எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் அன்று லீவு. லீவில் இருப்பவருக்குத்தான் அந்த மாதிரி சீட்டு கிடைக்கும்.

கைதிகள் அரசாங்கத்தின் மேல் போடும் வழக்குகள் எல்லாம் அந்த மேசையில்தான் வந்து விழும். பாய் கிழிந்துவிட்டது, சாப்பாட்டில் கல், வார்டர் அடித்தார், அம்மா சாவுக்கு விடவில்லை. கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தால் முப்பது நாளுக்குள் எங்கள் தரப்பு பதிலைத் தாக்கல் செய்யவேண்டும். அதை எதிர்வழக்குரை என்பார்கள். காரணம் சொன்னால் தொண்ணூறு நாள் வரைக்கும் இழுக்கலாம். அதற்கு மேல் நீதிபதியின் மனசு.

பதில் எழுதுவதற்கு என்ன அத்தனை நாள் என்று கேட்பீர்கள். வழக்கில் பதினோரு பத்தி இருந்தால் பதினோரு பத்திக்கும் தனித்தனியாகக் குறிப்பு வேண்டும். மருத்துவப் பத்திக்குச் சிறை ஆஸ்பத்திரி, காவல் பத்திக்கு வார்டர் பிரிவு, வெளியே கூட்டிப்போகும் பத்திக்கு ஆயுதப்படை என்று மூன்று இடத்துக்கும் காகிதம் போகும். முதலாமவர் "இது இரண்டாமவர் சம்பந்தப்பட்டது" என்பார். இரண்டாமவர் மூன்றாமவரைக் காட்டுவார். மூன்றாமவர் "முதலாமவரின் பதில் கண்டபின்" என்று எழுதித் திருப்பி அனுப்புவார். இப்படி ஒரு சுற்று முடிவதற்குள் ஒரு வாய்தா போய்விடும். இதில் யாரும் வேலை செய்யாமல் இல்லை. எல்லாரும் காலையிலிருந்து சாயங்காலம் வரை எழுதிக்கொண்டுதான் இருந்தோம்.

எனக்கு மேலே நிர்வாக அலுவலர் பொன்னுச்சாமி சார். உடுமலைப்பேட்டைக்காரர், ஊரில் தென்னந்தோப்பு இருந்தது. மேசையில் எப்போதும் ஒரு பிளாஸ்கில் வெந்நீர் இருக்கும். கோப்பைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் படிப்பார். முதல் பக்கத்தில் இருப்பது ஆசை, கடைசிப் பக்கத்தில் இருப்பதுதான் நிலைமை என்பார். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கடிதம் பிடிக்கவில்லையென்றால் நாலாக மடித்துத் திருப்பிக் கொடுப்பார், அவ்வளவுதான். வேறு எழுதிக்கொண்டு போகவேண்டும். ரொம்பவும் பொறுக்காமல் போனால், "இப்படி எழுதிப்போட்டீங்களே அம்மணி" என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்கு நான் இரண்டு நாள் தூங்காமல் இருந்திருக்கிறேன்.

அவகாசம் கேட்கும் கடிதத்தில் "தாமதம்" என்ற சொல் வரக்கூடாது என்பது அவருடைய சட்டம். இன்னொரு சட்டமும் உண்டு.

"காரணம் முழுசும் உண்மையா இருக்கோணும்னு இல்லீங்க அம்மணி. ஆனாப் பொய்யா இருக்கக் கூடாது. ரெண்டுக்கும் நடுவுல எடம் நெறையக் கெடக்குதுங்க."

அந்த நடு இடத்தில்தான் நான் குடித்தனம் நடத்தினேன். "கோப்பு பரிசீலனையில் உள்ளது" என்று எழுதுவேன். கோப்பு என் மேசையில் இருக்கும், நான் தினமும் அதைப் பார்ப்பேன். பார்ப்பதும் பரிசீலனைதானே. ஒரே வழக்கில் ஒரே காரணத்தை இரண்டு தடவை சொல்லிவிட்டால் நீதிபதி பிடித்துக்கொள்வார் என்பதற்காக ஒரு நீள நோட்டு போட்டேன். இடது பக்கம் காரணம், வலது பக்கம் அது எந்தெந்த வழக்கில் செலவாகியிருக்கிறது என்ற கணக்கு. சட்டக் கருத்துரை எதிர்நோக்கி. அலுவலர் மாறுதல். தேர்தல் பணி. ஆவணம் மொழிபெயர்ப்பில். கோப்பு வேறு பிரிவில். வழிக்காவல் அறிக்கை வரவில்லை. அலுவலகத்தில் அதற்குக் காரண நோட்டு என்றே பெயர். பக்கத்துப் பிரிவுக்காரர்கள் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்துவிட்டு அதிலிருந்து ஒரு காரணம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

ரங்கசாமியின் வழக்கு வந்தபோது அந்த நோட்டு பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது.

ரங்கசாமி சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டியவர். நீண்ட தண்டனை. என்ன குற்றம் என்று இங்கே எழுதப்போவதில்லை. அதற்குத்தான் தண்டனை கொடுத்தாகிவிட்டது, அந்தத் தண்டனையில் கண் சேரவில்லை. அவருக்குக் கண்ணில் அழுத்தம். சிறை டாக்டர் பார்த்துவிட்டு, "அழுத்தம் அதிகம், பார்வை போய்க்கொண்டிருக்கிறது, உடனே பெரிய ஆஸ்பத்திரி கண் பிரிவுக்கு அனுப்பவும்" என்று எழுதினார். அனுப்புவதற்குத் துப்பாக்கியோடு இரண்டு போலீஸ்காரர் வேண்டும். ஆயுதப்படைக்கு எழுதினோம். வேறு இடத்தில் பந்தோபஸ்து இருக்கிறது, ஆள் இல்லை என்று பதில் வந்தது. டாக்டர் மறுபடியும் எழுதினார், நாங்களும் மறுபடியும் எழுதினோம். ஆள் இல்லை. ரங்கசாமி வழக்குப் போட்டார்.

வக்கீல் வைக்கவில்லை. தானே கையால் எழுதியிருந்தார். தறிக்காரர் எழுத்து, பாவு இழுத்த மாதிரி வரிசை பிசகாமல் இருந்தது. ஏழாவது பத்தியை இன்றைக்கும் என்னால் பார்க்காமல் சொல்லமுடியும். "சிறைத் தறியில் எனக்குத் துணியின் நடு தெரிகிறது. இரண்டு பக்கத்துக் கரையும் தெரிவதில்லை. போன வருஷத்தைவிட இந்த வருஷம் துணியின் அகலம் குறைந்துவிட்டது. டாக்டர் எழுதிய இடத்துக்கு என்னை ஒரு முறை கூட்டிப்போகும்படி உத்தரவிட வேண்டும்." நஷ்ட ஈடு கேட்கவில்லை. யாரையும் தண்டிக்கச் சொல்லவில்லை. ஒரு முறை கூட்டிப்போகச் சொன்னார். பத்தியின் ஓரத்தில் நான் சிவப்பு மையில் "ஆஸ்பத்திரிப் பிரிவின் குறிப்பு தேவை" என்று எழுதிச் சுற்றுக்கு விட்டேன்.

தானே வாதாடுகிறவர் என்பதால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவரைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி நீதிபதி உத்தரவு போட்டார். முதல் வாய்தாவுக்குக் கோப்பைத் தூக்கிக்கொண்டு நானும் போயிருந்தேன். எங்கள் அரசு வழக்கறிஞர் பாதி எழுந்து, "டைம் வேணுங்கய்யா" என்றார். அவர் முழுசாக எழுந்து நான் பார்த்தது குறைவு. நீதிபதி ரங்கசாமியைப் பார்த்தார்.

"பதில் போட அவகாசம் கேக்கறாங்க. உங்களுக்கு ஆட்சேபனை இருக்குதா?"

"இல்லீங்கய்யா. குடுங்க" என்றார் ரங்கசாமி. "எத்தன நாள் வேணுமோ அத்தன நாள் குடுங்க."

என் அனுபவத்தில் ஒரு கைதி அப்படிச் சொன்னதில்லை. கத்துவார்கள், அழுவார்கள், ஒருவர் செருப்பைக் கழற்றியிருக்கிறார். இவர் கை கூப்பிக் கொடுக்கிறார். இரண்டாவது வாய்தாவிலும் கொடுத்தார். மூன்றாவது வாய்தாவில் தொண்ணூறு நாள் தாண்டிவிட்டது என்று நீதிபதியே முகம் சுளித்தபோது, "பாவமுங்கய்யா, அவங்களுக்கு என்ன வேலையோ" என்று எங்களுக்காகப் பரிந்து பேசினார். கோர்ட்டே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஆபீசுக்கு வந்து இந்தக் கதையைச் சொல்லி மெச்சிக்கொண்டேன். பொன்னுச்சாமி சார் மட்டும் வெந்நீரை ஊதிக் குடித்துக்கொண்டு யோசித்தார்.

"எதிர்க்கட்சிக்காரன் சந்தோசமா அவகாசம் குடுத்தான்னா நாமதாங்க பயப்படோணும் அம்மணி. அவனுக்கு அதுல என்னமோ இருக்குது."

எனக்கு அது உறைக்கவில்லை. எனக்கு அப்போது தோன்றியது வேறு. ஒவ்வொரு தடவையும் போய் நின்று கேட்பதற்குப் பதிலாக மொத்தமாக வாங்கிவிட்டால் என்ன? உட்கார்ந்து ஒரு தாள் தயார் செய்தேன். "பிரதிவாதி எப்போது அவகாசம் கோரினாலும் வாதியாகிய எனக்கு ஆட்சேபனை இல்லை." வார்டரிடம் கொடுத்து உள்ளே அனுப்பினேன். கால் மணி நேரத்தில் கையெழுத்தோடு வந்தது. கோடு போட்ட இடத்தில் இல்லாமல் ஒரு விரற்கடை தள்ளிக் கையெழுத்து இருந்தது.

"இதுல கையெழுத்துப் போட்டா வாய்தா நெறைய வருமுங்களான்னு கேக்கறானுங்க மேடம்" என்றார் வார்டர் சிரித்துக்கொண்டே. "வருமப்பான்னு சொன்னேன். ஒடனே போட்டுட்டான்."

ஒரு கைதி எதற்கு வாய்தா நிறைய வேண்டும் என்று கேட்கிறார் என்று நான் யோசித்திருக்கவேண்டும். பஞ்ச் பண்ணிக் கோப்பில் கோத்தேன். இத்தனை வருஷத்தில் எனக்கு முன்னால் இருந்த யாருக்கும் தோன்றாத யோசனை என்று மனசுக்குள் ஒரு சந்தோஷம்.

நாலாவது வாய்தாவில் அந்தத் தாளைத் தாக்கல் செய்தோம். நீதிபதி படித்துவிட்டு ரங்கசாமியிடம் "இது உங்க கையெழுத்துத்தானா?" என்றார். "ஆமாங்கய்யா." ஒரு மாதம் தள்ளி அடுத்த வாய்தா போட்டார். நான் கோப்பைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

வராந்தாவின் கடைசியில் ரங்கசாமி நின்றுகொண்டிருந்தார். ஒரு போலீஸ்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். இன்னொருவர் அவர் தோளில் கை வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தபடி நின்றார். எதிரே ஒரு பெண், இருபது வயசு இருக்கும். சுடிதாரில் அங்கங்கே பஞ்சு ஒட்டியிருந்தது. தறிக் குடோனில் வேலை செய்கிற பெண் என்று பார்த்தவுடனே தெரியும்.

"இன்னும் ஒரு எட்டு இந்தப் பக்கம் வா கண்ணு" என்றார் ரங்கசாமி. "வெயில்ல நில்லு. இன்னும் கொஞ்சம். ஆங், நடுவுல. இப்பத் தெரியற."

அந்தப் பெண் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உச்சி வெயிலில் நின்றது. அவர் அதன் நெற்றியைப் பார்த்தார். பிறகு தலையை இறக்கி மூக்கைப் பார்த்தார், பிறகு வாயை, பிறகு காதில் தோட்டை. ஒரு முகத்தை அப்படித் துண்டு துண்டாகப் பார்க்கிறவரை நான் பார்த்ததில்லை. முழு முகமும் அவருக்கு ஒரே பார்வையில் அகப்படவில்லை என்பது எனக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"ஏம் புள்ள, ஜெயிலுக்கே மனுப் போட்டு வந்து பாக்கலாமில்ல?" என்று கேட்டேன்.

"மாசா மாசம் வாரனுங்க மேடம். அங்க வலைக்கு அந்தப் பக்கம் இருட்டா இருக்குதுங்களா, அப்பாவுக்கு மூஞ்சி தெரியறதில்லீங்க. கொரலு மட்டுந்தான்."

என் குரலைக் கேட்டு ரங்கசாமி திரும்பினார். "டைம் கேக்கற அம்மாங்களா?" என்றார். அப்படித்தான் என்னை அவருக்குத் தெரியும்.

"ஆமா" என்றேன்.

"கேளுங்கம்மா. நெறையக் கேளுங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு போலீசு இல்லீங்கறாங்க. கோர்ட்டுக்குன்னா ரெண்டு பேரு வந்துர்றாங்க. கேசு முடிஞ்சு போச்சுன்னா இதுவும் இல்லீங்களே. கண்ணு எப்படியும் போகப்போகுதுங்க. போறதுக்குள்ள இந்தப் புள்ளைய எத்தன வாய்தா பாக்கறனோ, அத்தனையும் லாபந்தானுங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் நன்றியாகச் சொன்னார். டீ குடிக்கப் போன போலீஸ்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். "போலாங்களா?" என்று கூட்டிக்கொண்டு போனார்கள். அந்தக் கோர்ட்டு வாசலிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம். என் கையிலிருந்த கோப்பில், என் எழுத்தில், வழிக்காவல் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தது. அந்தக் காவல் இரண்டு பேரும் எனக்கு முன்னால் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அன்றைக்கு டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

எங்களிடம் இரண்டு ரிஜிஸ்டர் உண்டு. கோர்ட்டு டூட்டிக்கு ஒன்று, ஆஸ்பத்திரி டூட்டிக்கு ஒன்று. கோர்ட்டு டூட்டி தவறினால் நீதிபதி கேட்பார், அதனால் ஆள் வந்துவிடும். ஆஸ்பத்திரி டூட்டி தவறினால் கைதி கேட்பார். இரண்டு ரிஜிஸ்டரும் ஒரே பீரோவில், ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. கோர்ட்டு டூட்டிக் கடிதத்தில் "திரும்பும் வழியில் ஆஸ்பத்திரி கண் பிரிவு" என்று ஒரு வரி சேர்க்கலாம் என்பது, அவகாசத்துக்கு அத்தனை காரணம் கண்டுபிடித்த எனக்கு, நாலு வாய்தா வரைக்கும் தோன்றவில்லை.

மறுநாள் அந்த ஒரு வரியைச் சேர்த்து எழுதிக்கொண்டு பொன்னுச்சாமி சாரிடம் போனேன்.

"கோர்ட்டு டூட்டியில வழியில எறங்கறதுக்கு விதி இல்லீங்களே அம்மணி."

"எறங்கக் கூடாதுன்னும் விதி இல்லீங்க சார். நடுவுல எடம் கெடக்குதுங்க."

என்னை நிமிர்ந்து பார்த்தார். கையெழுத்துப் போட்டார். நான் அடுத்த வாய்தாவுக்கு நாள் எண்ண ஆரம்பித்தேன். வேலைக்கு வந்த பிறகு ஒரு வாய்தா சீக்கிரம் வரவேண்டும் என்று நான் எண்ணியது அப்போதுதான்.

வாய்தாவுக்கு முந்தின நாள் அரசு வழக்கறிஞர் போன் செய்தார். குரலில் அத்தனை சந்தோஷம்.

"அம்மணி, ஸ்வீட் வாங்கிக் குடுங்க. நாளைக்கு எனக்கு வேற கேஸ் இருந்துச்சுங்க, இன்னைக்கே போய்ச் சொன்னேன். நீங்க வாங்குன அந்தச் சம்மதத் தாளைப் பாத்துட்டு ஜட்ஜ் அய்யாவே எட்டு வாரம் போட்டுட்டாருங்க. வாதியையும் இனிமேல் அவசியமிருந்தாக் கூட்டிட்டு வந்தாப் போதுமுன்னுட்டாரு. இனி உங்களுக்கும் அலைச்சல் இல்லீங்க."

போனை வைத்தேன். கோர்ட்டு இல்லையென்றால் கோர்ட்டு டூட்டி இல்லை. கோர்ட்டு டூட்டி இல்லையென்றால் அந்த ஒரு வரியும் இல்லை. ஆஸ்பத்திரியும் போயிற்று, வராந்தா வெயிலும் போயிற்று. எல்லாம் நான் யோசித்து, நான் டைப் அடித்து, நான் வாங்கிய கையெழுத்து. உள்ளே ரங்கசாமி சவரம் செய்துகொண்டு நாளைக்குத் தயாராக இருந்தாராம். வார்டர் போய்ச் சொன்னபோது, "ஏனுங்க, நெறைய வருமுன்னு சொன்னீங்களே" என்று மட்டும் கேட்டாராம்.

வாய்தாவை முன்னுக்குக் கொண்டுவர மனுப் போடலாம் என்று எனக்குத் தெரியும். போட்டதில்லை. அரசு வழக்கறிஞரிடம் சொன்னபோது முழுசாக எழுந்து நின்றுவிட்டார். "ஆபீசுல தப்பா ஏதாச்சும் நடந்துபோச்சுங்களா?" என்றார். அரசுத் தரப்பு அவசரப்பட்டால் அவருக்கு அப்படித்தான் தோன்றும். மனுவுக்குக் காரணம் எழுதவேண்டும். காரண நோட்டை முதலிலிருந்து கடைசி வரை புரட்டினேன். தள்ளிப்போடுவதற்கு அத்தனை இருந்தன. சீக்கிரம் செய்வதற்கு ஒன்றுகூட இல்லை. கடைசியில் நடந்ததை நடந்தபடியே எழுதினேன். கோர்ட்டுக்கு வந்த காவலைக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கலாம் என்றும், அது எங்கள் அலுவலகத்தின் கவனத்துக்கு வரவில்லை என்றும், அதனால் வாதியின் பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்றும், இனியும் தாமதிக்கக்கூடாது என்றும் எழுதினேன்.

பொன்னுச்சாமி சார் கடைசி வரியிலிருந்து மேலே படித்துக்கொண்டு போனார்.

"இது உண்மைங்க அம்மணி."

"ஆமாங்க சார்."

"இதுல கையெழுத்துப் போட்டா, இதுக்கு முன்னால நாம கேட்ட அத்தன அவகாசமும் என்னன்னு கேப்பாங்களே. எனக்கு ரிட்டயர்டு ஆக ஏழு மாசம் இருக்குதுங்க." வெந்நீரை ஊற்றினார், குடிக்கவில்லை. "நாலு நாள் டைம் குடுங்க. யோசிக்கறேன்."

அவருக்கு நான் டைம் கொடுத்தேன். வேறு என்ன செய்வது? அந்த நாலு நாளில் எனக்குத் தெரிந்தது, அவகாசம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று. ஐந்தாம் நாள் காலை அவரே என் மேசைக்கு வந்தார். அவர் எங்கள் மேசைக்கு வருகிறவர் இல்லை. கையில் கடிதம், நாலாக மடித்திருந்தது. போயிற்று என்று நினைத்தேன். பிரித்தேன். உள்ளே பச்சை மையில் கையெழுத்து இருந்தது.

"மெமோ வந்தா ரெண்டு பேருக்குந்தான் வருமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வந்தது. அதற்குப் பதில் தர நாங்கள் அவகாசம் கேட்கவில்லை.

கோர்ட்டு வாய்தாவை முன்னுக்குக் கொண்டுவந்தது. அன்றைக்கே, அதே இரண்டு போலீஸ்காரரோடு, ரங்கசாமி ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள். ஒரு வாரம் கழித்து டாக்டரின் சீட்டு என் மேசைக்கு வந்தது. வலது கண்ணில் பார்வை முழுவதும் போய்விட்டது. இடது கண்ணில் ஆபரேஷன் செய்து மிஞ்சியிருப்பதை நிறுத்திவைத்திருக்கிறோம். அடியில் ஒரு வரி: "தாமதமாக அழைத்து வரப்பட்டுள்ளார்." எங்கள் அவகாசக் கடிதம் எதிலும் வராத அந்தச் சொல்லுக்கு நான் ஒரு பக்க எண் போட்டுக் கோப்பில் கோத்தேன். அவரை எத்தனை வாய்தாவுக்கு முன்னால் கூட்டிப்போயிருந்தால் வலது கண் இருந்திருக்கும் என்று நான் டாக்டரைக் கேட்கவில்லை. கேட்கத் துணிச்சல் வரவில்லை.

அதன் பிறகு எதிர்வழக்குரை இரண்டே நாளில் தயாராகிவிட்டது. "வாதி கோரியது ஏற்கனவே நிறைவேற்றப்பட்டுவிட்டதால் வழக்கில் ஏதும் மிச்சமில்லை, தள்ளுபடி செய்யவேண்டும்." சட்டப்படி நாங்கள் ஜெயித்துவிட்டோம். அரசு வழக்கறிஞர் நிஜமாகவே ஸ்வீட் கொடுத்தார்.

வழக்கை முடிக்கிற கடைசி வாய்தா என்பதால் ரங்கசாமியைக் கட்டாயம் கொண்டுவரவேண்டியிருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த அவரைப் பின் பெஞ்சில் என் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். வராந்தாவை எட்டிப் பார்த்தேன். அந்தப் பெண்ணைக் காணவில்லை.

"புள்ள வரலீங்களா?"

"ஜெயில் போன்ல பேசுனனுங்கம்மா. ஆர்டர் அவசரமாமுங்க, தறிக்காரரு லீவு குடுக்கலீங்களாமா. அடுத்த வாரமுன்னா வாரேன்னு அழுதுச்சு." பிறகு குரலை இறக்கிக் கேட்டார். "ஆபரேசன் பண்ணுன கண்ணுல இன்னும் அவள ஒருக்காக்கூடப் பாக்கலீங்க. தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. இன்னொரு வாய்தா வாங்க முடியாதுங்களா?"

வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் முன்னால் போய் அரசு வழக்கறிஞரின் காதில், "டைம் கேளுங்க சார்" என்றேன்.

"எதுக்குங்க அம்மணி? ஜெயிச்சுட்டோமே."

"கேளுங்க சார்."

"காரணம்?"

நோட்டு இல்லாமலே எனக்கு ஞாபகம் இருந்தது, இந்த வழக்கில் இன்னும் செலவாகாத காரணம் எதுவென்று. "கோப்பு வேற பிரிவுல இருக்குதுன்னு சொல்லுங்க" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் இடுப்பில் அணைத்திருந்த கோப்பைப் பார்த்தார். பிறகு பாதி எழுந்து அதையே சொன்னார். பொன்னுச்சாமி சாரின் சட்டத்தை நான் மீறியது அந்த ஒரு முறைதான். நடு இடம் எதுவும் இல்லாத சுத்தமான பொய்.

"சரி, ரெண்டு வாரம்" என்று நீதிபதி எழுத ஆரம்பித்தார். "வாதி வரவேண்டிய அவசியம் இல்ல."

குமாஸ்தாக்களுக்குக் கோர்ட்டில் வாய் கிடையாது. அத்தனை வருஷத்தில் நான் அங்கே தும்மியதுகூட இல்லை. "அவசியமுங்கய்யா" என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் திரும்பியபோதுதான் நான் சொல்லியிருக்கிறேன் என்று தெரிந்தது. "கூட்டிட்டு வரச் சொல்லுங்கய்யா."

நீதிபதி என்னைப் பார்த்தார். என் கையில் இருந்த கோப்பையும் பார்த்திருப்பார், அத்தனை பருமன் அது. ஒன்றும் கேட்காமல் ரங்கசாமியின் பக்கம் திரும்பினார்.

"அவகாசம் கேக்கறாங்க. ஆட்சேபனை இருக்குதா?"

"இல்லீங்கய்யா" என்றார் ரங்கசாமி. "குடுங்க."

நான் கோப்பை முந்தானைக்குள் இழுத்து மூடிக்கொண்டு என் இடத்தில் போய் உட்கார்ந்தேன்.